அத்தையுடன் மூன்று நாள் கோலாலம்பூரில்

சென்ற இதழில் ஊறுகாய் பற்றி எழுதிக்கொண்டு வரும்போது, 'கோலாலம்பூரில் அன்னாசிப் பழத்தில் ஒரு பச்சடி சாப்பிட்டேன்' என்று ஒரு வரி எழுதினாலும் எழுதினேன், கடிதத்துக்கு மேல் கடிதம்! பச்சடியின் செய்முறை கேட்டவர்கள் நாலே பேர். மற்ற சகோதரிகள் கேட்டதெல்லாம் வேறு. "வயசான மாமியாரையும் சின்னக் குழந்தையையும் வைத்துக்கொண்டு வெளிநாட்டு ஊரை மூன்று நாளில் பார்க்க முடியுமா?" "சைவச் சாப்பாடு கிடைக்குமா?" "பத்துமலைப் படியை முட்டிவலிக்காரர்கள் ஏறலாமா?" ஒரு வாசகி இன்னும் நேராகவே கேட்டுவிட்டார்: "ஊர் பார்க்கப் போகிறோம் என்கிறார்கள். அங்கேயும் நான் பால் காய்ச்சிக்கொண்டும் பையைக் காத்துக்கொண்டும்தானே இருக்கப் போகிறேன்? எதற்கு அந்தச் செலவு?"

அந்தக் கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே ஒரு நோட்டில் பட்டியல் போட்டுவிட்டார். இரட்டைக் கோபுரம், கோலாலம்பூர் கோபுரம், பறவைப் பூங்கா, மீன் காட்சி சாலை, பத்துமலை, சீனக் கோயில், மசூதி, மியூசியம்... எண்ணிப் பார்த்தேன், பதினாலு இடம்! மூன்று நாளுக்குப் பதினாலு. குழந்தைக்கு எத்தனை மணிக்குச் சாப்பாடு, அத்தைக்கு எத்தனை மணிக்கு மாத்திரை, இவள் எப்போது கொஞ்சம் காலை நீட்டி உட்காருவாள் என்று அந்த நோட்டில் ஒரு வரி இல்லை. ஆண்கள் போடுகிற பட்டியல் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. நான் சண்டை போடவில்லை. பேனாவை வாங்கி ஒன்பதை அடித்தேன். மீதி ஐந்து. "இவ்வளவு செலவு பண்ணிப் போயிட்டு அஞ்சு இடமா?" என்றார். "அஞ்சையும் நாலு பேரும் பாக்கணும். உங்க பதினாலை நீங்க மட்டும்தான் பாப்பீங்க" என்றேன். அத்தை அடுப்படியிலிருந்து, "அவ சொல்றதுதான் சரி" என்று ஒரு குரல் கொடுத்தார். அதோடு முடிந்தது.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபத்திரண்டு வயது. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு முழங்காலிலும் தேய்மானம். இந்தப் பயணம் முக்கியமாக அவருக்காகத்தான். அவருடைய அக்கா 1958ல் கல்யாணமான கையோடு நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறி மலாயா போனவர். அத்தைக்கு அப்போது ஐந்து வயது. அக்கா ஊருக்கு வந்தது ஒரே ஒரு தடவை, 1979ல், 'சிதம்பரம்' கப்பலில். அப்புறம் கடிதம்தான். 2003ல் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார். "அவ இருந்த ஊரை ஒரு தடவை பாத்துட்டு வந்துட்டாப் போதும்த்தா" என்று அத்தை எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்!

முதலில் உடம்பைத் தயார் செய்த விஷயம். எங்கள் குடும்ப டாக்டரிடம் ஒரு மாதம் முன்பே காட்டினோம். ரத்தக் கொதிப்பு கட்டுக்குள் இருந்ததால், படி ஏறலாம், ஆனால் நின்று நின்று ஏற வேண்டும் என்றார். நெஞ்சு இறுகினாலோ, பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ அதற்கு மேல் ஒரு படி கூடாது. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முட்டிக்குப் பாரம் அதிகம், கைப்பிடியை விடக் கூடாது என்றும் சொன்னார். அன்றிலிருந்து தினம் காலையில் வண்டியூர் கண்மாய்ப் பக்கம் அரை மணி நடை. சாயங்காலம் எங்கள் வீட்டு மொட்டை மாடிப் படியை இரண்டு தடவை, பிறகு நாலு தடவை. கே.கே. நகரில் பார்த்தவர்கள் எல்லாம், "என்ன, பாட்டி பந்தயத்துக்குப் போறாங்களா?" என்று கேட்டார்கள்.

இன்னொன்று. அந்த ஊர்க் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி. ரத்தக் கொதிப்பு மாத்திரைக்கு அது பெரிய வித்தியாசமில்லை. ஆனால் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரைகளை அட்டையோடு, மருந்துச் சீட்டோடு, கைப்பையில்தான் வைக்க வேண்டும். பெரிய பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் உடுத்த புடவையைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம், மாத்திரைக்கு எங்கே போவது?

இங்கிருந்து திருச்சி போய்த்தான் விமானம் ஏறினோம். மாட்டுத்தாவணி எங்களுக்குக் கூப்பிடு தூரம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் இரண்டரை மணியில் திருச்சி. அங்கிருந்து கோலாலம்பூர் நேர் விமானத்தில் சுமார் நாலு மணி நேரம். இந்தியர்கள் 30 நாள் வரை தங்க விசா வேண்டாம் என்று 2023 டிசம்பரிலிருந்து மலேசியா சலுகை கொடுத்திருக்கிறது. இந்த மாதிரிச் சலுகைகள் மாறக் கூடியவை என்பதால் டிக்கெட் எடுக்கும் முன் ஒரு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் கம்ப்யூட்டரிலோ போனிலோ 'வருகை அட்டை' ஒன்று பூர்த்தி செய்ய வேண்டும், கைக்குழந்தைக்கும் சேர்த்து. அதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கிற இடம் எதுவானாலும் அது அரசாங்கத்தினுடையது இல்லை என்று விலகிவிடுங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதக் கெடு பாக்கி இருக்க வேண்டும். தெரியாதவர்கள், "அங்கே ஒருத்தர் வந்து வாங்கிப்பார்" என்று கொடுக்கும் பொட்டலத்தை, அது வெறும் முறுக்காகவே இருந்தாலும், வாங்காதீர்கள். போதைப் பொருள் விஷயத்தில் அந்த நாட்டுச் சட்டம் மிகக் கடுமையானது.

விமானம் இறங்கும்போது குழந்தைகள் காது அடைத்து வீறிட்டு அழும். அந்தச் சமயத்தில் கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள். கொஞ்சம் பெரிய பிள்ளையானால் தண்ணீரை மெதுவாகக் குடிக்கச் சொல்லுங்கள். விழுங்க விழுங்க அடைப்பு விட்டுவிடும். என் நாலு வயசுக்காரிக்கு நெல்லிக்காய் மிட்டாய்!

விமான நிலையம் ஊரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். விரைவு ரயில் ஒன்று ஊர் நடுவே உள்ள 'சென்ட்ரல்' நிலையத்துக்கு அரை மணியில் கொண்டுவந்து விடுகிறது. அந்த நிலையத்தை ஒட்டியே இருக்கிறது பிரிக்ஃபீல்ட்ஸ். ஒரு காலத்தில் செங்கல் சூளைகள் இருந்த இடம், அதனால் அந்தப் பெயர். அப்புறம் ரயில்வேயில் வேலை பார்த்த தமிழர்கள் குடியிருந்தார்கள். 2010ல் நம் பிரதமர் மன்மோகன் சிங் போயிருந்தபோது 'லிட்டில் இந்தியா' என்று விமரிசையாகத் திறந்துவைத்தார்கள். நாங்கள் அங்கேதான் அறை எடுத்தோம். வயசானவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். ரயில் பக்கம், கோயில் பக்கம், காலையில் இட்லி, மத்தியானம் வாழையிலைச் சாப்பாடு, பூக்கடையில் கட்டின மல்லிகை. என்னதான் சொல்லுங்கள், நம் மதுரை மல்லிகை இல்லை அது. ஆனாலும் தலையில் வைத்துக்கொண்டதும் அத்தைக்கு முகமே மாறிப் போயிற்று.

சாப்பாட்டுக் கவலை அந்த வட்டாரத்தில் இல்லவே இல்லை. வெளியே மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். அந்த ஊர்ச் சம்பல், காய்கறி வதக்கல்களில் 'பிளாச்சான்' என்ற இறால் விழுதைச் சேர்த்துவிடுவார்கள். தேங்காய்ப்பால் சாதமான 'நாசி லெமாக்'கின் தலையில் நெத்திலி இருக்கும். "சைவம்" என்று சொன்னால் மட்டும் போதாது, "மீன், இறால், முட்டை எதுவும் வேண்டாம்" என்று பிரித்துச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு 'ரொட்டி சானாய்' என்ற பரோட்டா மாதிரிப் பண்டமும் பருப்புக் குழம்பும் ஒத்துக்கொள்ளும். குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் கொடுக்காதீர்கள். அறையில் பால் காய்ச்ச, போன் சார்ஜ் போட, நம் வட்ட முளைப் பிளக் அங்கே நுழையாது. சதுர முளை மூன்று உள்ளதுதான் வேண்டும். மாற்றுப் பிளக் ஒன்று இங்கேயே வாங்கிக்கொண்டு போங்கள்.

வெயில் நம் ஊர் அக்கினி நட்சத்திரம் மாதிரி இல்லை. முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று டிகிரிதான். ஆனால் காற்றில் ஈரம். நம் ஊரில் வேர்வை காய்ந்துவிடும், அங்கே காயாது. பருத்திப் புடவை, பருத்தி உள்ளாடை, மாற்றுவதற்கு இன்னொரு செட். மத்தியானத்துக்கு மேல் திடீரென்று மழை கொட்டும், குடை எப்போதும் கையில் இருக்கட்டும். கடைகளுக்குள் நுழைந்தாலோ ஐஸ் பெட்டி! வயசானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு சால்வை அவசியம். எங்கள் திட்டம் இதுதான்: காலை ஏழு முதல் பதினொன்று வரை வெளியே, பிறகு சாப்பாடு, தூக்கம், நாலரைக்கு மேல் மறுபடி வெளியே. தூங்குகிற நேரத்தில் மூன்று மணி நேரம் வீணாகிறதே என்று எங்கள் வீட்டுக்காரர் முதல் நாள் முணுமுணுத்தார். மறுநாள் அவர்தான் முதலில் குறட்டை விட்டது.

முதல் நாள் சாயங்காலம் இரட்டைக் கோபுரம். 88 மாடி, 452 மீட்டர். 1998லிருந்து 2004 வரை உலகத்திலேயே உயரமான கட்டிடமாக இருந்தது. மேலே போய்ப் பார்க்க டிக்கெட் உண்டு, திங்கட்கிழமை விடுமுறை. நாங்கள் மேலே போகவில்லை. அடியில் பெரிய பூங்கா, குழந்தைகள் இறங்கி விளையாட முழங்கால் ஆழத் தண்ணீர், இருட்டினால் விளக்கு போட்ட நீரூற்று. எல்லாம் இலவசம். கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதற்கு அந்தப் புல்தரையைவிட நல்ல இடம் கிடையாது. இப்போது அந்த ஊரிலேயே 118 மாடியில் அதைவிட உயரமான கட்டிடம் ஒன்று வந்துவிட்டது, உலகத்தில் இரண்டாவது. அத்தை அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு யாரு வெள்ளையடிப்பா?" என்றார்.

இரண்டாம் நாள்தான் பத்துமலை. சென்ட்ரல் நிலையத்தில் ரயில் ஏறினால் கடைசி ஸ்டேஷனே பத்துமலைதான். சுமார் அரை மணிப் பயணம், கட்டணம் மிகச் சொற்பம். ரயில் அடிக்கடி இல்லை, நேரம் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். இந்த ரயிலில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி, 2010லிருந்து. இளஞ்சிவப்பில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். நானும் அத்தையும் குழந்தையும் சொகுசாக அதில் ஏறிக்கொள்ள, எங்கள் வீட்டுக்காரர் மூன்று பைகளோடு அடுத்த பெட்டி. பையைக் காப்பது பற்றிக் கேட்ட சகோதரி இதைக் கவனிக்கவும்!

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் சுண்ணாம்புக் கல் மலை சுவர் மாதிரி நிற்கிறது. அதற்கு முன்னால் பொன் நிறத்தில் முருகன், 42.7 மீட்டர், அதாவது 140 அடி. 2006 தைப்பூசத்தை ஒட்டித் திறந்த சிலை. உலகத்திலேயே உயரமான முருகன் சிலை என்ற பெயர் 2022 வரை இதற்கு இருந்தது. அந்த வருஷம் சேலம் மாவட்டம் புத்திரகவுண்டன்பாளையத்தில் 146 அடியில் எழுப்பிவிட்டார்கள். நம் ஊர் விட்டுக்கொடுக்குமா!

கோயில் அதைவிட ரொம்பப் பழசு. தம்புசாமிப் பிள்ளை என்ற தமிழ்ப் பெரியவர் 1891ல் குகைக்குள் முருகனை வைத்தார். குகை வாசல் வேல் மாதிரி அவர் கண்ணுக்குப் பட்டது என்று சொல்வார்கள். மறு வருஷத்திலிருந்து தைப்பூசம். ஊருக்குள் இருக்கிற மகா மாரியம்மன் கோயிலும் அவர் 1873ல் தொடங்கியதுதான். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் அந்தக் கோயிலில் புறப்பட்டு ராத்திரி முழுக்க நடந்து இங்கே வருகிறது. மலைக்குள் முருகன் என்பது திருப்பரங்குன்றத்துக்காரர்களான நமக்குப் புதிதில்லை. ஆனால் திருப்பரங்குன்றம் மனுஷன் குடைந்தது, இது மலை தானாகவே திறந்து வைத்த வாசல்.

படி 272. பழனியில் 693 படி ஏறினவர்களுக்கு இது எம்மாத்திரம் என்று தோன்றும். ஆனால் பழனிப் படி அகலம், இது செங்குத்து. அடியும் குறுகல். பாதத்தை நேராக வைக்காமல் சற்றுச் சாய்த்து வைத்தால் பிடிப்பு கிடைக்கும். 2018ல் படி அத்தனைக்கும் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். அத்தை கீழே நின்று பார்த்துவிட்டு, "கொலுப்படி மாதிரி இருக்குத்தா. நம்ம பொம்மையாட்டம் ஏறிப் போய் உக்காரணும்" என்றார்.

ஏழரை மணிக்கு ஏற ஆரம்பித்தோம். பதினைந்து படிக்கு ஒரு நிற்றல், நடுவே சமதளம் வந்த இடத்தில் ஒரு வாய்த் தண்ணீர். அத்தை ஒரு கையில் கைப்பிடி, மறு கை என் தோள். குழந்தை அப்பா முதுகில். எங்களைத் தாண்டிச் சிட்டாய்ப் பறந்தவர்கள் எத்தனையோ பேர், பறக்கட்டும். மேலே போய்ச் சேர நாற்பது நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. உள்ளே கூரை அவ்வளவு உயரம், பாறையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், தரை ஈரம். அங்கே வழுக்கும், ஜாக்கிரதை. இன்னும் கொஞ்சம் படி ஏறினால் மலையின் தலை திறந்து வானம் தெரிகிறது. அந்த வெளிச்சத்தில் நின்றுகொண்டு அத்தை ஒன்றும் பேசவில்லை. "வேண்டிக்கிட்டீங்களா அத்தை?" என்றேன். "வேண்டல. அக்கா ஒரு தடவை கடுதாசில எழுதியிருந்தா, உள்ள போனா மேல ஓட்டை வழியா வானம் தெரியும்னு. அதான் பாத்தேன்" என்றார்.

படிகளில் குரங்குகள் உண்டு, அழகர்கோவில் குரங்குகளுக்கு அண்ணன்மார். பிளாஸ்டிக் பை, வாழைப்பழம், குழந்தை கையில் பிஸ்கட், எதுவும் வெளியே தெரியக் கூடாது. கடித்தாலோ கீறினாலோ சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றே டாக்டரிடம் போய் வெறிநாய்க்கடிக்குப் போடுகிற தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். "சின்னக் கீறல்தானே" என்று ஊர் திரும்பும் வரை ஒத்திப்போடாதீர்கள். அவசரத்துக்கு அந்த நாட்டில் 999.

ஏற முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். கீழேயே கோயில்கள் இருக்கின்றன. சுவாமி கீழேயும் இருக்கிறார் என்று தைரியமாக உட்கார்ந்துகொள்ளலாம். பிடிவாதமாக மாமியாரை இழுத்துக்கொண்டு ஏறுவது பக்தி ஆகாது.

திரும்பும்போது அதே ரயில் பாதையில் செந்தூல் என்ற ஸ்டேஷனில் இறங்கினோம். அத்தையின் அக்கா மகள் அங்கே இருக்கிறார். எனக்கு நாத்தனார் முறை, மதினி என்றுதான் கூப்பிட்டேன். வாசலில் நின்றவர் எங்களைப் பார்த்ததும் கேட்ட முதல் வார்த்தை, "பசியாறியாச்சா?" காலைப் பலகாரம் சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். நம் பாட்டிமார் பேச்சை அவர்கள் அப்படியே வைத்திருக்கிறார்கள், நாம்தான் 'டிபன் ஆச்சா' என்கிறோம். அந்த நாட்டில் தமிழ்ப் பள்ளிக்கூடமே ஐந்நூறுக்கு மேல் இருக்கிறது. மதினியின் பேத்தி தமிழில் எழுதிக் காட்டினாள், என் மகளைவிட நல்ல கையெழுத்து!

அத்தை சுற்றி வளைக்கவில்லை. காபியைக் குடித்து முடித்ததும் கேட்டார், "உங்கம்மா இங்க நல்லா இருந்தாளா? கடுதாசில எல்லாம் சௌக்கியம்னுதான் எழுதுவா."

மதினி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சொன்னார். கிள்ளான் பக்கம் ரப்பர்த் தோட்டம். பால்மரத் தோட்டம் என்பார்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, ஆக்கி வைத்து, இருட்டோடு பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்று பேர் கொடுக்க வேண்டும். தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போய்ப் பட்டையைச் சீவி, மங்கு வைத்து, அப்புறம் அத்தனை மரத்துப் பாலையும் வாளியில் எடுத்து வந்து நிறுத்துக் கொடுக்க வேண்டும். கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டாயில் விட்டுவிட்டுப் போவார்கள். "நான் அந்தக் கொட்டாயிலதான் வளர்ந்தேன் சின்னம்மா. மழை பேஞ்சா அன்னிக்குப் பால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. அதனால மழை வந்தா நாங்க பிள்ளைங்க சந்தோஷப்படுவோம், அம்மா வீட்டுல இருக்கும்னு. அம்மா மட்டும் வானத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும்."

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. மதினி உள்ளே போய் ஒரு கத்தி கொண்டுவந்தார், மரப்பிடி போட்டது, முனை வளைந்தது. பெரியம்மா பால் வெட்டின கத்தி. தோட்டத்தை அழித்து வீடு கட்டினபோது லயத்திலிருந்து எடுத்து வந்த சாமான்களில் ஒன்று. அத்தை அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிடியில் கட்டைவிரல் படுகிற இடம் தேய்ந்து குழிந்திருந்தது. தன் கட்டைவிரலை அதில் வைத்துப் பார்த்தார். "ஒரு நாளைக்கு எத்தனை மரம்?" என்று கேட்டார். "நானூறுக்குக் குறையாது" என்றார் மதினி. "சௌக்கியம்னு எழுதியிருக்கா பாரேன்" என்று சொல்லிவிட்டு அத்தை கத்தியை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு இருவரும் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் குழந்தையைக் கூட்டிக்கொண்டு சமையலறைப் பக்கம் போய்விட்டேன்.

மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், சேலம் என்று நம் பக்கத்து ஜில்லாக்களிலிருந்து கங்காணி மூலம் போனவர்கள் எத்தனை ஆயிரம்! 1938ல் இந்திய அரசாங்கம் அந்த ஆள் பிடிப்பை நிறுத்தியது. யுத்தத்தில் ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போட இழுத்துப் போனவர்களில் திரும்பாத தமிழர்கள் ஆயிரமாயிரம். தோட்டத்து வீடுகளில் பெண்கள் மட்டும் மிஞ்சினார்கள். அதே ஊரில் அதே சமயத்தில், 1943ல், கோலாலம்பூர்ப் பெண் ஜானகி தேவர் நேதாஜி பேசியதைக் கேட்டுக் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். பிற்பாடு மலேசியாவில் செனட்டர் ஆனார். 2000ல் நம் அரசாங்கம் பத்மஸ்ரீ கொடுத்தது. நம் பிள்ளைகளுக்கு அவர் பெயராவது தெரிந்திருக்கலாம்.

அன்னாசிப் பச்சடி மதினி வீட்டுச் சாப்பாட்டில்தான். மலாய்க்காரர்களும் செய்கிறார்கள், 'பாஜெரி' என்று பெயர், நம் 'பச்சடி'தான் அப்படி ஆயிற்றாம். நாலு பேர் கேட்டீர்களே, எழுதிக்கொள்ளுங்கள். அரைப் பழமான அன்னாசியைக் கனமான துண்டுகளாக நறுக்கி, மஞ்சள், உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு வடியுங்கள். எண்ணெயில் பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ தாளித்து, சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு விழுதை வதக்கி, இரண்டு கரண்டி குழம்புப் பொடி. பிறகு ஒரு கப் தேங்காய்ப்பால், அன்னாசித் துண்டு. கடைசியில் சிவக்க வறுத்து நைஸாக அரைத்த தேங்காய் இரண்டு கரண்டி, கொஞ்சம் வெல்லம். கெட்டியானதும் இறக்கிவிடுங்கள். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு ஒரு துண்டோடு நிறுத்துங்கள், அன்னாசி, வெல்லம் இரண்டுமே இனிப்பு.

மூன்றாம் நாள் நடைதான். கோம்பாக், கிள்ளான் என்ற இரண்டு ஆறு கூடுகிற இடத்தில் 1909ல் கட்டிய ஜாமிக் மசூதி. 'கோலாலம்பூர்' என்றாலே சேற்று ஆறு கூடும் இடம் என்று பொருள். பெண்களுக்கு அங்கி கொடுத்து உள்ளே விடுகிறார்கள், தொழுகை நேரம் தவிர. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சுதந்திரச் சதுக்கம். 1957 ஆகஸ்ட் 31 பிறக்கிற நடுராத்திரியில் பிரிட்டிஷ் கொடி இறங்கிய இடம். எதிரே செங்கல் சிவப்பில் 1897ல் கட்டின மணிக்கூண்டுக் கட்டிடம். குழந்தைக்கு அந்தப் புல்தரை போதும். பிறகு மாரியம்மன் கோயில், பக்கத்தில் கைவினைப் பொருள் விற்கும் பழைய மார்க்கெட். மார்க்கெட்டில் விலை கேட்டுவிட்டு நகருங்கள், அவர்களே குறைத்துக் கூப்பிடுவார்கள். வழியெல்லாம் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே போவது ஒரு வேடிக்கை. 'கெடாய்' என்றால் கடை, 'கப்பால்' என்றால் கப்பல். நம்மிடமிருந்து போன வார்த்தைகள். 'தண்டாஸ்' என்றால் கழிப்பறை. குழந்தையோடு போகிறவர்கள் மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

கொசுவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அந்தக் கிள்ளானில்தான் 1901ல் மால்கம் வாட்சன் என்ற டாக்டர் சதுப்பு நிலத்தை வடியவைத்து மலேரியாவை அடக்கிக் காட்டினார். ஆனால் டெங்கு அங்கே இன்றும் உண்டு, பகலில் கடிக்கிற கொசு. குழந்தைக்கு முழுக் கைச் சட்டை, கை கால்களில் கொசு மருந்து. ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் கண்டால், வீட்டில் இருக்கிற வலி மாத்திரையைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள். டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரின், புரூஃபன் வகை மாத்திரைகள் ரத்தக் கசிவை அதிகமாக்கும். பாராசிட்டமால் மட்டும், அதுவும் அளவோடு. டாக்டரிடம் போனதும் முதல் வார்த்தையாக, "மலேசியா போய் வந்தோம், இன்ன தேதியில் திரும்பினோம்" என்று சொல்லுங்கள். அவராகக் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.